பிட்ச் டெக்: நிட்டிங் மெஷினுக்கு மீட்டர் வச்சிருக்கோம், 2 கோடி கேட்கலாமா?

#1 நொய்யல்கரை
வணக்கமுங்க. ஊர் திருப்பூர். அடுத்த மாசம் சென்னையில ஒரு ஏஞ்சல் குழு (ஆரம்பக் கம்பெனிகள்ல சொந்தக் காசு போடறவங்க) முன்னாடி பிட்ச் பண்ண, அதாவது முதலீடு கேட்டுப் பேச, கூப்பிட்டிருக்காங்க. பத்து நிமிஷம் பேச்சு, அப்புறம் கேள்வி. டெக்கை (பிட்ச்சுக்கான ஸ்லைடுகளை) அப்படியே இங்கே போட முடியாது, விஷயத்தை மட்டும் எழுதறேன். தயவு தாட்சண்யம் பார்க்காமச் சொல்லுங்க.

ஜாப் ஒர்க் நிட்டிங் யூனிட்ல ஒவ்வொரு சர்குலர் மெஷினுக்கும் ஒரு சின்னப் பெட்டி மாட்டறோம். மெஷின் எத்தனை சுத்து சுத்துச்சு, எப்ப நின்னுச்சு, எவ்வளவு நேரம் நின்னுச்சு, எத்தனை ரோல் இறங்குச்சுன்னு ஓனர் போனுக்குப் போயிரும். நூல் அறுந்தா மெஷின் தானா நின்னு லைட் எரியறது எல்லா மெஷின்லயும் இருக்கறதுதான். ஆனா நைட் ஷிப்ட்ல லைட் எரிஞ்சு முக்கால் மணி நேரம் யாருமே கிட்டப் போகலைங்கறது ஓனருக்குக் காலையில தெரியாது. கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கற தொழில்ல நின்ன நேரம் பூராவும் நட்டம்.

இப்போதைக்கு 31 கம்பெனி, 420 மெஷின் ஓடுது. மெஷினுக்கு மாசம் 350 ரூபாய். பெட்டி செய்ய எங்களுக்கு 4,200 ஆகுது, அதைக் கஸ்டமர்கிட்ட வாங்கறதில்லை. 4 கம்பெனி கழட்டிக் குடுத்துட்டாங்க.

டெக்ல முதல்ல லோகோ, அப்புறம் இந்திய ஜவுளித்துறையோட அளவு, எங்க விஷன், தொழில்நுட்பம் நாலு ஸ்லைடு, போட்டியாளர் யாரும் இல்லைங்கற ஸ்லைடு, அஞ்சு வருஷக் கணிப்பு, டீம், கடைசியில 2 கோடிக்கு 20 சதவீதம். இது சரியா வருமா?

#2 பட்டையக்கிளப்பு
தலைவா, ஐடியா வேற லெவல்! 2 கோடி எல்லாம் பத்தாது, 5 கோடி கேளு. பெருசா கேட்டாத்தான் பெரிய ஆளுன்னு நினைப்பாங்க. டெக்ல ஏஐன்னு ஒரு வார்த்தை சேர்த்துடு.

#3 பழைய ஃபவுண்டர்
முதல்ல #2ஐ மறந்துடுங்க.

உங்க பதிவோட ரெண்டாவது பத்தியைப் படிச்சதும் எனக்கு விஷயம் புரிஞ்சுடுச்சு. நைட் ஷிப்ட், லைட் எரியுது, யாரும் போகலை. டெக்ல அது எங்கே வருது? தொழில்நுட்பம் நாலு ஸ்லைடுக்குள்ள எங்கேயோ புதைஞ்சிருக்கும். அதுக்கு முன்னாடி ஜவுளித்துறை எவ்வளவு பெரிசுன்னு பாடம் எடுக்கறீங்க. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் டெக்கை முன்னாடியே போன்ல புரட்டியிருப்பாங்க. 2015ல டாக்சென்ட் நிறுவனம் 200 ஸ்டார்ட்அப்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணுச்சு. ஒரு டெக்கை முதலீட்டாளர் பார்க்கிற நேரம் சராசரியா 3 நிமிஷம் 44 விநாடி. அந்த நேரத்துக்குள்ள லோகோவையும் விஷனையும் தாண்டி அவங்க வரணும்.

நான் போடறதா இருந்தா முதல் ஸ்லைடுலயே ஒரு கஸ்டமரோட ஒரு ராத்திரி. எட்டு மெஷின், எது எப்ப நின்னுச்சுன்னு உங்க பெட்டியே வரைஞ்ச கோடு. பேரை மறைச்சுடுங்க, கோடு நிஜமா இருக்கட்டும். அடுத்த ஸ்லைடுல 31 கம்பெனி காசு குடுக்குது. அதுக்கடுத்து அந்த 4 கம்பெனி ஏன் போச்சு. ஆமா, அதை நீங்களே சொல்லணும். எப்படியும் கேட்பாங்க.

"போட்டியாளர் யாரும் இல்லை" ஸ்லைடைக் கிழிச்சுப் போடுங்க. சூப்பர்வைசரும் அவர் கையில இருக்கிற நோட்டுப் புத்தகமும்தான் உங்க போட்டி. மெஷின் கம்பெனிக்காரங்களே புது மாடல்ல இதை உள்ளேயே வச்சுக் குடுக்கறாங்களான்னு ஒருத்தர் கட்டாயம் கேட்பார். பதில் இருக்கா?

#4 வட்டிக்கடை
நானும் திருப்பூர்தான், பன்னெண்டு மெஷின் போட்டு ஓட்டறேன். ஏனுங்க தம்பி, இருபது சதவீதத்தைத் தூக்கி எவனோ ஒருத்தனுக்கு எதுக்குக் குடுக்கோணும்? இந்த ஊர்ல இத்தனை கம்பெனியும் பேங்குக் கடன்லயும் கைமாத்துலயும் வந்ததுதானே? சொத்து அடமானமில்லாம, சிறு தொழில் கடனுக்கான சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்துல லோன் குடுக்கறான். வட்டி கட்டி முடிச்சா கம்பெனி உன்னுது. ஸோஹோ வெளியாள் காசு வாங்காமத்தானே அந்த உசரத்துக்குப் போச்சு?

#5 நொய்யல்கரை
@வட்டிக்கடை அண்ணா, லோன் விசாரிச்சேனுங்க. அடுத்த மாசத்துலிருந்தே தவணை ஆரம்பிச்சிரும். நம்ம பெட்டி போட்ட காசை எடுக்கவே ஒரு வருஷம் ஆகுதுங்களே (350 பெருக்கல் 12, சரியா 4,200). அதுவரைக்கும் தவணைக்கு எங்கே போறது?

@பழைய ஃபவுண்டர் அந்த 4 கம்பெனி பத்திச் சொல்றேன். ரெண்டு பேருக்கு ஆர்டர் விழுந்து பாதி மெஷினை நிறுத்திட்டாங்க. ஒரு இடத்துல ஓனர் பையன் ஆசைப்பட்டு மாட்டினது, அவன் வெளிநாடு போனதும் பார்க்க ஆளில்லை. நாலாவதுதான் சங்கடம். நம்மளை வேவு பார்க்கறாங்கன்னு ஆபரேட்டருக எல்லாம் சேர்ந்து ஒயரைப் பிடுங்கிட்டாங்க. அதுக்கப்புறம், மெஷின் நிக்காம ஓட்டற ஷிப்டுக்குப் போனஸ் கணக்கும் அதே ஆப்ல வர்ற மாதிரி பண்ணினோம். அப்படி மாட்டின இடத்துல இதுவரைக்கும் யாரும் பிடுங்கலைங்க.

புது மாடல் இறக்குமதி மெஷின்ல இந்த வசதி வருது. ஆனா ஜாப் ஒர்க் யூனிட்ல பாதிக்கு மேல செகண்ட்ஹேண்ட் வாங்கினது, ஒரே ஷெட்டுல மூணு பிராண்டு இருக்கும். எங்க பெட்டி எல்லாத்துக்கும் பொருந்தும்.

#6 பழைய ஃபவுண்டர்
ஆபரேட்டர் கதையும் மூணு பிராண்டு கதையும் டெக்ல இல்லையா? இதை வச்சுக்கிட்டா விஷன் ஸ்லைடு போட்டீங்க?

#7 மயிலைக்காரர்
நான் ஓய்வு பெற்ற பொறியாளன். சிறு தொகைகளாக ஸ்டார்ட்அப்களில் போட்டு வருகிறேன், பெரும்பாலானவை திரும்பவில்லை. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன், தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

2 கோடிக்கு 20 சதவீதம் என்றால், பணம் வந்த பிறகு கம்பெனியின் மதிப்பு 10 கோடி என்கிறீர்கள். 420 மெஷின், 350 ரூபாய் என்றால் மாதம் 1,47,000, ஆண்டுக்கு 17.64 லட்சம். வருமானத்தைப் போல ஏறத்தாழ 57 மடங்கு கேட்கிறீர்கள். ஆரம்ப நிலையில் யாரும் பெருக்கல் வாய்பாட்டை மட்டும் வைத்து விலை பேசுவதில்லை, ஆனாலும் அறையில் ஒருவர் போனில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அதன்பின் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்.

அடுத்து, எங்கள் கணக்கு. பத்து இடத்தில் போட்டால் ஆறேழு போய்விடும். இரண்டு அசலைத் தரலாம். மிச்சமிருக்கும் ஒன்று மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஈட்ட வேண்டும். ஆகவே 5 கோடி மதிப்பில் போட்டாலும் இது 100 கோடிக் கம்பெனி ஆகுமா என்றுதான் பார்ப்பேன். அதற்கு ஆண்டு வருமானம் 20 கோடியாவது வேண்டும் என்று வையுங்கள். ஒரு மெஷின் ஆண்டுக்குத் தருவது 4,200. 20 கோடியை அதால் வகுத்தால் சுமார் 47,600 மெஷின். அவை எங்கே இருக்கின்றன? இந்திய ஜவுளித்துறை எத்தனை லட்சம் கோடி என்ற ஸ்லைடு இதற்குப் பதில் ஆகாது. திருப்பூரில் எத்தனை மெஷின், லூதியானாவில் எத்தனை, கொல்கத்தா பனியன் தொழிலில் எத்தனை, வங்கதேசத்து நாராயண்கஞ்சுக்கு எப்போது போவீர்கள் என்று கீழிருந்து மேலே எண்ணிக் காட்டுங்கள். உங்கள் ஊரில் நிட்டிங் மெஷின் ஊசி விற்கும் டீலர்களைப் பிடித்தால் யாரிடம் எத்தனை மெஷின் என்று விரல்விட்டுச் சொல்வார்கள், அந்தக் கணக்கை எந்த ரிப்போர்ட்டிலும் வாங்க முடியாது.

மூன்றாவது விஷயந்தான் எனக்கு முக்கியம். 4,200 ரூபாய்ப் பெட்டியை இலவசமாக மாட்டுகிறீர்கள். 350 ரூபாயில் சிம், சர்வர், ஆள் போய்ப் பழுது பார்ப்பது எல்லாம் கழித்தால் கையில் எவ்வளவு நிற்கிறது?

#8 நொய்யல்கரை
மாசம் மெஷினுக்கு 110 ரூபாய் செலவுங்க. 240 நிக்குது.

#9 மயிலைக்காரர்
அப்படியானால் பெட்டியின் காசு திரும்ப 12 மாதம் இல்லை, பதினேழரை மாதம். இதை நீங்கள் அறைக்குள் போய்க் கண்டுபிடிக்காமல் இங்கேயே தெரிந்துகொண்டது நல்லது.

இன்னொன்றையும் பாருங்கள். என் பணத்தில் பெரும்பகுதி கஸ்டமர் ஷெட்டில் பெட்டியாகத் தொங்கப் போகிறது. கம்பெனியின் பங்கை விற்றுப் பெட்டி வாங்குவதுதான் இருப்பதிலேயே விலை அதிகமான கடன். பெட்டிக்கு 2,000 ரூபாய் டெபாசிட் வாங்குங்கள், கழற்றினால் திருப்பித் தருவதாக. ஒரு பெட்டிக்கு உங்கள் காசு 2,200தான் மாட்டும். 240ஆல் வகுத்தால் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். டெபாசிட் கொடுத்தவர் சும்மா கழற்றவும் மாட்டார்.

#10 வட்டிக்கடை
டெபாசிட்டா? ரெண்டாயிரமெல்லாம் இங்கே ஒருத்தனும் குடுக்க மாட்டான். ஆயிரத்து ஐநூறுன்னா யோசிப்பான்.

#11 கம்பங்கூழ்
நான் மதுரையில சிறுதானிய நொறுக்குத்தீனி பண்றேன். அண்ணா, அறைக்குள்ள என்ன நடக்கும்னு யாரும் சொல்லலை, அதனால நான் சொல்றேன்.

பத்து நிமிஷம்னு சொல்வாங்க, ஆறாவது நிமிஷத்துல ஒருத்தர் குறுக்கே கேள்வி கேட்பார். அவருக்குப் பதில் சொல்லிட்டு ஸ்லைடுக்குத் திரும்பினா நேரம் முடிஞ்சிருக்கும். அதனால எவ்வளவு கேட்கறீங்க, அதை வச்சு என்ன பண்ணுவீங்கங்கறதை அஞ்சாவது நிமிஷத்துக்குள்ள சொல்லிடுங்க. கேள்வி கேட்கிறவர் எல்லாரும் காசு போட மாட்டார். பேசாம ஓரமா உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கிட்டிருந்த ஒரு அம்மாதான் எங்களுக்கு லீட் ஆனாங்க. லீட் யாருன்னு முடிவாகலைன்னா பத்துப் பேர் தலையாட்டினாலும் பணம் வராது. ஒருத்தர் பொறுப்பெடுத்து கணக்கு வழக்கெல்லாம் சோதிச்சாத்தான் மத்தவங்க பின்னாடி வருவாங்க. கை தூக்கினதுக்கும் பேங்குல பணம் ஏறினதுக்கும் நடுவுல பல மாசம் ஓடும், அதுவரைக்கும் சம்பளம் குடுக்கக் கையில காசு வச்சுக்கோங்க.

என்கிட்ட வேற மாதிரியும் கேட்டாங்க. "கல்யாணம் ஆனா யாரு பார்த்துப்பா?"ன்னு. உங்களைக் கேட்க மாட்டாங்க, விடுங்க.

பிட்ச் பண்ணவே ஃபீஸ் கட்டச் சொல்ற ஆட்கள் இருக்காங்க. ஒரு ஓட்டல் ஹால்ல வரிசையா நிக்கவச்சு, மேடை, மெடல், போட்டோ எல்லாம் உண்டு. முதலீட்டாளர்னு உட்கார்ந்திருந்ததுல பாதிப் பேர் கன்சல்டன்ட். அந்தப் பக்கம் போகாதீங்க. தமிழ்நாடு அரசோட டான்சீட்னு ஸ்டார்ட்அப் நிதித் திட்டம் பார்த்தீங்களா? 10 லட்சம், 3 சதவீதப் பங்கு. தொகை சின்னதுதான், ஆனா ஏற்கெனவே ஒருத்தர் சோதிச்சுப் பார்த்துப் பணம் போட்டிருக்காங்கன்னு ஏஞ்சல்கள் கொஞ்சம் மதிப்பாங்க.

#12 பட்டையக்கிளப்பு
எல்லாரும் ஏன் இப்படிப் பயமுறுத்தறீங்க? தலைவா, டிரையல்ல எத்தனை கம்பெனி இருக்கு? அதையும் சேர்த்து 100 கஸ்டமர்னு போடு. எல்லா ஸ்டார்ட்அப்பும் அப்படித்தான். இல்லைன்னா பேஸ்புக் குரூப்ல போட்டு ஆளுக்கு 50 ஆயிரம்னு கேளு, 400 பேர் போட்டா 2 கோடி. ஏஞ்சலும் வேணாம் ஒண்ணும் வேணாம்.

#13 கணக்குப்புள்ளி
நான் கம்பெனி செக்ரட்டரி. #12இல் இரண்டு யோசனை இருக்கிறது, இரண்டும் வம்பு.

பங்கு ஒப்பந்தத்தில் "நாங்கள் தந்த தகவல் அனைத்தும் உண்மை" என்று நிறுவனர்கள் உறுதி தரும் பகுதி ஒன்று வரும். டிரையலைக் கஸ்டமர் என்று எழுதினால் அங்கே மாட்டுவீர்கள். அமெரிக்காவில் ரத்தப் பரிசோதனை ஸ்டார்ட்அப்பான தெரானோஸின் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2022 ஜனவரியில் அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பான நான்கு குற்றச்சாட்டும் முதலீட்டாளர்களை ஏமாற்றியது தொடர்பானவை. நோயாளிகள் தொடர்பான குற்றச்சாட்டுகளில் அவர் விடுவிக்கப்பட்டார். பதினொன்றே கால் ஆண்டு சிறை. இங்கேயும் கம்பெனிச் சட்டம் 447ஆம் பிரிவு இருக்கிறது, பத்தாண்டு வரை.

பேஸ்புக் யோசனை. தனியார் கம்பெனி பங்கு வெளியிடுவது 42ஆம் பிரிவின் கீழ். ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைக்கக் கூடாது, பொது விளம்பரம் கூடவே கூடாது. 400 பேரைப் பேஸ்புக்கில் அழைத்தால் இரண்டையும் ஒரே நாளில் மீறிவிடலாம்.

நொய்யல்கரை, உங்களிடம் ஒரு கேள்வி. யார் பேரில் எத்தனை சதவீதம்? கம்பெனி எந்த வகைப் பதிவு? ஆப்பை எழுதியது யார்?

#14 நொய்யல்கரை
எல்எல்பியா (பொறுப்பு வரம்புள்ள கூட்டாண்மை) இருக்குதுங்க. எனக்கு 40, ஹார்டுவேர் பார்க்கற நண்பருக்கு 20, மச்சானுக்கு 40. மச்சான்னா வீட்டுக்காரம்மாவோட அண்ணன். ஆரம்பத்துல 6 லட்சம் போட்டாரு. வேலைக்கு வரமாட்டாரு, சொந்தமா பிரிண்டிங் யூனிட் இருக்கு. ஆப் எழுதினது கோயமுத்தூர்ல ஒரு ஃப்ரீலான்ஸ் தம்பி. காசெல்லாம் குடுத்து முடிச்சாச்சு. ஒப்பந்தம்னு எதுவும் எழுதலைங்க, வாட்ஸ்அப்ல பேசினதுதான்.

#15 பழைய ஃபவுண்டர்
சரியாப் போச்சு. டெக்கை மூடி வைங்க, முதல்ல இதை முடிங்க.

#16 கணக்குப்புள்ளி
பதற வேண்டாம், எல்லாம் சரி செய்யக் கூடியதே. ஆனால் பிட்ச்சுக்கு முன் தொடங்கிவிடுங்கள்.

எல்எல்பியில் பங்கு கிடையாது, ஏஞ்சல் வாங்க எதுவும் இல்லை. யுஆர்சி-1 படிவம் போட்டு பிரைவேட் லிமிடெட்டாக மாற்றலாம், 366ஆம் பிரிவு.

ஆப்தான் பெரிய ஓட்டை. காசு கொடுத்துவிட்டோம், ஆகவே நம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் எழுதினால் நிறுவனத்துக்குச் சேரும். வெளியாள் எழுதினால் காப்புரிமை (காப்பிரைட்) எழுதியவருடையதே, எழுத்து மூலம் மாற்றித் தந்தால் ஒழிய. மாற்றித் தரும் பத்திரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1957 காப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும், எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். நாராயண்கஞ்சுக்குப் போகும் எண்ணம் இருக்கிறதல்லவா? "காப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுமைக்கும்" என்று எழுதி அந்தத் தம்பியிடம் இந்த வாரமே கையெழுத்து வாங்குங்கள். முதலீடு வரப்போகிறது என்ற செய்தி அவர் காதுக்குப் போன பிறகு அதே கையெழுத்துக்கு வேறு விலை.

#17 மயிலைக்காரர்
மச்சான் விஷயத்தை நான் சொல்கிறேன், சங்கடமானதுதான். வேலைக்கு வராத ஒருவரிடம் 40 சதவீதம் இருந்தால் நான் போட மாட்டேன். அவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல காரணம். அடுத்த சுற்றில், அதற்கடுத்த சுற்றில் உங்கள் பங்கு கரைந்துகொண்டே போகும். நாலாவது வருஷம் இரவு பகலாக உழைக்கிற உங்களுக்கும் பிரிண்டிங் யூனிட் நடத்துகிற அவருக்கும் ஒரே அளவு இருந்தால் நீங்கள் சோர்ந்துபோவீர்கள். முதலீட்டாளர் பயப்படுவது அந்தச் சோர்வுக்குத்தான்.

#18 வட்டிக்கடை
அதெப்படிங்க? ஒருத்தனும் நம்பாத காலத்துல காசு போட்டவன் மச்சான். இன்னைக்குச் சென்னைக்காரன் வர்றான்னு அவனை வெளியே தள்ளுவீங்களா? நாளைக்கு வீட்டுல சோறு கிடைக்குமா தம்பிக்கு?

#19 கம்பங்கூழ்
வெளியே தள்ளச் சொல்லலையே அண்ணா. முதல்ல 6 லட்சம் போட்டவருக்கு ஒரு நியாயமான பங்கு இருக்கட்டும், முதல் முதலீட்டாளர்ங்கற கணக்குல. உழைக்கிறவங்க பங்கு தனிக் கணக்கு. எங்க வீட்டுல சித்தப்பாவுக்கு இப்படித்தான் பேசி முடிச்சோம். பேச்சை வக்கீல் ஆரம்பிக்கக் கூடாது, வீட்டுப் பெரியவங்க யாராவது ஆரம்பிக்கணும்.

#20 கணக்குப்புள்ளி
வரிப் பக்கம் ஒரு நல்ல செய்தி. பங்கைச் சந்தை விலைக்குக் குறைவாக வாங்கினால் வாங்கியவருக்கு வரி வரும், ஆனால் உறவினரிடமிருந்து என்றால் விலக்கு. மனைவியின் சகோதரர் அந்த உறவினர் பட்டியலில் இருக்கிறார். மாமன் மகனாக இருந்திருந்தால் அந்த விலக்கு கிடையாது.

அப்படியே உங்களுக்கும் நண்பருக்கும் வெஸ்டிங் (உழைக்கும் காலத்துக்கு ஏற்பப் பங்கு சிறிது சிறிதாகச் சொந்தமாவது) எழுதிவிடுங்கள். வழக்கம் நான்கு ஆண்டு, முதல் ஆண்டு முடியும் முன் போனால் ஒன்றுமில்லை. முதலீட்டாளர் எப்படியும் கேட்பார். நீங்களே எழுதி வைத்திருந்தால், ஏற்கெனவே உழைத்த காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

#21 ஸ்கார்பரோ
வணக்கம் அண்ணையாக்கள். நான் கனடாவிலை இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். கோயம்புத்தூரிலை ஒரு சிநேகிதன்ரை கம்பெனியிலை கொஞ்சக் காசு போடச் சொல்லிக் கேக்கிறான். அவன்ரை சொந்த எக்கவுண்டுக்கு அனுப்பினாப் போதும் எண்டுறான். அது சரிவருமோ? முந்தி ஏஞ்சல் டாக்ஸ் எண்டும் ஒண்டு இருந்ததாக் கேள்வி.

#22 கணக்குப்புள்ளி
சொந்தக் கணக்குக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். கம்பெனியின் கணக்குக்கு, வங்கி வழியாக, முதலீடு என்று காரணம் குறிப்பிட்டு வர வேண்டும். நியாய மதிப்புக்குக் குறையாத விலையில் 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கியதிலிருந்து 30 நாளுக்குள் எஃப்சி-ஜிபிஆர் என்ற அறிக்கையை ரிசர்வ் வங்கிக்குக் கம்பெனி தர வேண்டும். இது இல்லாவிட்டால் பின்னால் உங்கள் பங்கை விற்றுக் காசைக் கனடாவுக்குக் கொண்டுபோகும்போது வாசலிலேயே நிறுத்துவார்கள். நியாய மதிப்புக்கு மேல் விலை வைத்துப் பங்கு விற்ற கம்பெனிக்கு விதித்த வரிதான் ஏஞ்சல் டாக்ஸ். அது 2012இல் வந்தது, 2023இல் வெளிநாட்டவருக்கும் நீட்டினார்கள், 2024 ஜூலை பட்ஜெட்டில் எடுத்தே விட்டார்கள். அந்தக் கவலை வேண்டாம்.

#23 ஸ்கார்பரோ
பெரிய உபகாரம். அவனிட்டை முதல்லை கம்பெனி எக்கவுண்டைக் கேக்கிறன்.

#24 நொய்யல்கரை
எல்லாருக்கும் நன்றிங்க. மாமனார்தான் பேச்சை ஆரம்பிச்சாரு. மச்சான் 12 சதவீதத்துக்கு ஒத்துக்கிட்டாரு, கூடவே போர்டு மீட்டிங்குக்கு வந்து உட்காருவேன்னாரு, சரின்னுட்டோம். ஃப்ரீலான்ஸ் தம்பி கையெழுத்துப் போட்டுட்டாரு.

கேட்கற தொகையை மாத்தி எழுதிப் பார்த்தேன். 75 லட்சம், 15 சதவீதம், பணம் வந்தப்புறம் மதிப்பு 5 கோடி. புதுசா 1,000 மெஷின், டெபாசிட் போக பெட்டிக்கு 22 லட்சம். விக்க ரெண்டு ஆளு, ஃபர்ம்வேர் எழுத ஒரு ஆளு, 18 மாசத்துக்கு 35 லட்சம். லூதியானாவுலயும் கொல்கத்தாவுலயும் சோதனைக்கு 8. சட்டச் செலவு, கைக்காவல் 10. மொத்தம் 1,420 மெஷின் ஓடினா மாசம் ஏறக்குறைய 5 லட்சம்.

#25 மயிலைக்காரர்
இது பேசக்கூடிய கணக்கு. "18 மாதத்தில் 1,420 மெஷின், அதில் 100 திருப்பூருக்கு வெளியே" என்று ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். அடுத்த சுற்று முதலீட்டாளர் எதைப் பார்த்துப் பணம் போடுவார் என்பதற்கு அதுவே பதில். அந்த 100 வெளியூர் மெஷின் இல்லாமல், திருப்பூரிலேயே 1,420 என்றால் எனக்கு ஆர்வம் பாதியாகிவிடும்.

கேட்கக்கூடியவை: கைத்தறி, விசைத்தறிக்குப் போவீர்களா (சோமனூர், பல்லடம் பக்கத்திலேயே இருக்கிறதே)? சீனாவிலிருந்து இதே பெட்டி பாதி விலைக்கு வந்தால்? தீபாவளி முடிந்து ஆர்டர் குறையும் மாதத்தில் எத்தனை பேர் பணம் கட்டவில்லை? கடைசிக் கேள்விக்கு மாதவாரியான எண் கையில் இருக்கட்டும். "பார்த்துச் சொல்கிறேன்" என்பதும் பதில்தான், ஆனால் மறுநாளே அனுப்ப வேண்டும்.

#26 பழைய ஃபவுண்டர்
இன்னொண்ணு, மனசை விட்டுடாதீங்க. 2008ல ஏர்பிஎன்பிகாரங்க 15 லட்சம் டாலர் மதிப்புல 1,50,000 டாலர்தான் கேட்டாங்க. ஏழு பேருக்கு அறிமுகம் ஆச்சு. அஞ்சு பேர் வேணாம்னாங்க, ரெண்டு பேர் பதிலே போடலை. அந்த மெயில்களை 2015ல பிரையன் செஸ்கி வெளியிட்டார், படிச்சுப் பாருங்க, எல்லாமே மரியாதையா இருக்கும். "எங்களுக்குப் பொருந்தாது", "சந்தை போதாது". அந்த மரியாதையை நம்பி மறுபடி மறுபடி போய் நிக்காதீங்க. வேணாம்னு சொன்னவர் வேணாம்னுதான் சொல்றார். என்ன எண்ணைப் பார்த்தா மறுபடி பேசுவீங்கன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடுங்க.

#27 நொய்யல்கரை
பிட்ச் முடிஞ்சுதுங்க. கம்பங்கூழ் அக்கா சொன்ன மாதிரியே குறுக்கே கேள்வி வந்துச்சு, சீனாப் பெட்டி பத்தி. ராத்திரிக் கோடு ஸ்லைடுலயே பாதி நேரம் போயிருச்சு, ஒருத்தர் எழுந்து வந்து திரையைத் தொட்டுப் பார்த்தாரு. விசைத்தறி கேள்வியும் வந்துச்சு. அதுக்கு சென்சாரே வேற, இப்போதைக்கு இல்லைன்னுட்டேன்.

ஒருத்தர் லீட் எடுக்கறேன்னு டெர்ம் ஷீட் (முதலீட்டு நிபந்தனைகள் எழுதின தாள்) அனுப்பியிருக்காரு. 75 லட்சம், 15 சதவீதம் ஒத்துக்கிட்டாரு. ஆனா ரெண்டு வரி புரியலைங்க. "10 சதவீத ஈசாப் பூல், முதலீட்டுக்கு முந்தைய மதிப்பில் சேரும்". இன்னொண்ணு "1 மடங்கு பார்ட்டிசிபேட்டிங் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்".

#28 கணக்குப்புள்ளி
பூல்: ஊழியருக்காக ஒதுக்கும் 10 சதவீதம் முழுவதும் உங்கள் மூவர் பங்கிலிருந்தே போகிறது, அவருடைய 15இல் கை வைக்காமல். உங்களுக்கு மிஞ்சுவது 75. காகிதத்தில் முந்தைய மதிப்பு 4.25 கோடி, நிஜத்தில் 3.75 கோடி. இது வழக்கத்தில் உள்ளதுதான், ஆனால் 18 மாதத்தில் எத்தனை பேரை வேலைக்கு எடுப்பீர்கள் என்று பட்டியல் போடுங்கள். மூன்று பேர் என்றால் 10 அதிகம், 5 அல்லது 6 கேளுங்கள்.

இரண்டாவதில் கவனம் தேவை. கம்பெனியை 3 கோடிக்கு விற்க நேர்ந்தது என்று வையுங்கள். பார்ட்டிசிபேட்டிங் இல்லாவிட்டால் அவர் 75 லட்சத்தையோ 15 சதவீதமான 45 லட்சத்தையோ, எது அதிகமோ அதை எடுப்பார், அதாவது 75. மற்றவர்களுக்கு 2.25 கோடி. பார்ட்டிசிபேட்டிங் இருந்தால் முதலில் 75ஐ எடுத்துக்கொண்டு, மிச்சமுள்ள 2.25 கோடியிலும் 15 சதவீதம், அதாவது 33.75 லட்சம் எடுப்பார். மொத்தம் 1.0875 கோடி. 20 கோடிக்கு விற்றால் அவருக்கு 3 கோடிக்குப் பதில் 3.6375 கோடி. போட்ட பணத்தை முதலில் எடுப்பது நியாயம். எடுத்த பிறகும் பந்தியில் உட்காருவதைத்தான் நீக்கச் சொல்ல வேண்டும்.

#29 மயிலைக்காரர்
ஆரம்ப நிலையில் நல்ல ஏஞ்சல்கள் பார்ட்டிசிபேட்டிங் கேட்பதில்லை. பழைய ஒப்பந்தப் பிரதியை வக்கீல் அப்படியே எடுத்துப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. சண்டையாகக் கேட்காதீர்கள், "இந்த ஒரு சொல்லை எடுத்துவிடலாமா சார்" என்று போனில் கேளுங்கள், மெயிலில் வேண்டாம்.

#30 நொய்யல்கரை
போன் பண்ணினேனுங்க. பார்ட்டிசிபேட்டிங்கை எடுத்துட்டாரு, பெரிசா யோசிக்கவே இல்லை. பூல் 7 சதவீதம்னு பேசியிருக்கோம். பதிலுக்கு மாசாமாசம் கழட்டின மெஷின் கணக்கு அனுப்பணும்னாரு, சரின்னேன். யுஆர்சி-1 இன்னும் முடியலை. பணத்தை இப்பவே போடறேங்கறாரு, வாங்கி வச்சுக்கலாமா?

#31 கணக்குப்புள்ளி
வேண்டாம். கம்பெனி பதிவாகட்டும், அதன் பேரில் இதற்கென்று தனி வங்கிக் கணக்கு திறங்கள். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், தவறினால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும், அதையும் தாண்டினால் 12 சதவீத வட்டி. ஒதுக்கிய 15 நாளுக்குள் பாஸ்-3 என்ற பங்கு ஒதுக்கீட்டு அறிக்கையைத் தாக்கல் செய்யுங்கள். அது முடியும்வரை அந்தக் கணக்கிலிருந்து பெட்டிக்கு ஒரு சர்க்யூட் போர்டு கூட வாங்கக் கூடாது.